எஸ்டிமேட் போடுமுன்: நெல்லைச் சீமைப் பூங்கா ஒன்றும் அதன் ஆலோசனைக் குழுவும்

பூங்கா நடுவில் நாலடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை. மேலே தகரக் கூரை, பின்னால் சுவர், ஏறுவதற்கு ஆறு படி. திறப்பு விழாவன்று ஒரு கூட்டம், குடியரசு நாளில் ஒரு கொடியேற்றம், மற்ற நாளெல்லாம் சீட்டாட்டமும் மதியத் தூக்கமும். கலை நிகழ்ச்சிக்கென்று கட்டிய இடத்தில் கலை நிகழ்ச்சி மட்டும் நடப்பதில்லை. காரணத்தைக் கணியான் கூத்துக்காரரிடம் கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவார்: "அண்ணாச்சி, இது மைக் பிடிச்சுப் பேசுறவங்களுக்குக் கட்டுன மேடை. மகுடத்தை எங்க வச்சுக் காய்ச்ச?" மகுடம் என்று அவர் சொல்வது தோல் பறையை; அனலில் காட்டித்தான் அதற்கு விறைப்பேற்ற வேண்டும்.

இந்தக் கேள்வியை எஸ்டிமேட் போடுமுன் யாராவது கேட்டிருந்தால் மேடைக்குச் செலவான பணத்தில் கால்வாசியில் வேலை முடிந்திருக்கும். கேட்க வேண்டியது பூங்காவுக்கென்று அக்கம்பக்கத்தார் சேர்ந்த குடிமக்கள் ஆலோசனைக் குழு. அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பணம் ஒதுக்கும் அதிகாரமும் கிடையாது. அதனிடம் இருப்பது இரண்டே: சரியான மாதமும், அளவு எழுதிய ஒரு தாளும். எஸ்டிமேட் ஆன பிறகு சொல்லும் ஆலோசனைக்குப் பெயர் புலம்பல்.

குறிப்பிட்ட ஒரு பூங்காவைப் பற்றியதல்ல இந்த ஆய்வு. பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் மனைப்பிரிவுகளில் பார்க்கும் அமைப்பை ஒத்த ஒரு மாதிரியைக் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறோம். அகலம் 132 அடி, நீளம் 231 அடி, பரப்பு 30,492 சதுர அடி. அதாவது சரியாக 70 சென்ட். 10 ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு 3 ஏக்கர் போக, மிச்சமுள்ள 7 ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. கீழே வரும் அளவுகளெல்லாம் இந்த 70 சென்டை வைத்துப் போட்டவை. வேறு இடத்துக்கு விகிதம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

குழு எதன் மேல் நிற்கிறது

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சி அமைப்புகளின் வேலைகள் 18. அதில் 12-ஆவது பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல். 13-ஆவது பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்த வளர்ச்சி. பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டும் அலுவலகத்தில் வேறு வேறு மேசைக்குப் போய்விடுகின்றன. பூங்கா பொறியியல் பிரிவுக்குப் போகும். பண்பாடு யாருக்கும் போகாது, விழா வந்தால் மட்டும் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதுதான் ஆலோசனைக் குழுவின் முதல் வேலை.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டாலும் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டே வார்டு குழு, ஏரியா சபை (வார்டுக்குள் ஒரு பகுதி மக்களின் கூட்டம்) விதிகள் வந்துவிட்டன; 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் ஏரியா சபைகள் கூடின. திருநெல்வேலி மாநகராட்சிக்கு 4 மண்டலம், 55 வார்டு. வார்டு குழுவுக்குத் தலைவர் அந்த வார்டின் மாமன்ற உறுப்பினர். பூங்கா ஆலோசனைக் குழு இதற்குப் போட்டியாக ஒரு சங்கமாக நிற்கக் கூடாது. வார்டு குழுவுக்கு எழுதிக் கொடுக்கும் துணைக் குழுவாக இருப்பதே நல்லது. தனியாகப் பதிவு செய்து, லெட்டர்பேட் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக்கொண்டால் மாமன்ற உறுப்பினருக்கு அது எதிர்க்கட்சியாகத் தெரியும். அப்புறம் எந்தத் தாளும் நகராது.

கையில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு சட்டம், பலருக்கும் தெரியாதது: 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம். உள்ளாட்சி அமைப்பு தன் எல்லையிலுள்ள பூங்காக்களுக்குப் பட்டியலும் வரைபடமும் தயாரிக்க வேண்டும், பட்டியலில் உள்ள இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். பூங்கா மூலையில் தண்ணீர்த் தொட்டி, அலுவலக அறை, குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை என்று ஒவ்வொன்றாக வரும்போது முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் பூங்கா பட்டியலில் இருக்கிறதா?"

முதலில் நிலத்தின் தாள்

மரமும் கூத்தும் பேசுவதற்கு முன் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சை அடித்திருப்பார்கள், பத்திரம் மட்டும் எழுதப்படாமல் கிடக்கும். பிள்ளைகள் காலத்தில் அது மனையாக விலைக்கு வரும்.

சேர்க்க வேண்டியவை நாலு தாள்: அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரத்தின் நகல், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், புலப்படம் (நிலத்தின் எல்லை அளவு காட்டும் படம்). முதல் இரண்டும் கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் "பூங்கா பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் "விவரம் தெளிவாக இல்லை" என்றே பதில் வரும். சர்வே எண், மனைப்பிரிவு அங்கீகார எண், ஆண்டு, வேண்டிய ஆவணத்தின் பெயர் ஆகிய நாலையும் எழுதி நகல் கேட்க வேண்டும்.

தாள் வந்ததும் டேப் பிடிக்க வேண்டும். நாலு பக்கத்தை மட்டும் அளந்தால் போதாது, இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். நம் மாதிரிப் பூங்காவில் மூலைவிட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 266 அடி இருக்க வேண்டும். ஒன்று 266, இன்னொன்று 262 என்றால் ஏதோ ஒரு மூலை தள்ளியிருக்கிறது. சண்டைக்குப் போக வேண்டாம். நில அளவையருக்கு மனு கொடுத்து கல் நடச் சொல்ல வேண்டும்.

யார் யார் உட்காருவது

11 பேர் போதும். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து நாலு பேர், அதில் இருவராவது பெண்கள். நாட்டுப்புறக் கலைஞர் இருவர், ஒரே கலையிலிருந்து இருவர் வேண்டாம். பள்ளி ஆசிரியர் ஒருவர், பூங்காவில் வேலை பார்க்கும் தோட்டக்காரர் அல்லது தூய்மைப் பணியாளர் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், மரம் தெரிந்தவர் ஒருவர், 25 வயதுக்குள் ஒருவர். உதவிப் பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் அழைப்பாளர்கள், வாக்கு கிடையாது. ஆறு பேர் வந்தால் கூட்டம் செல்லும். இரண்டு ஆண்டுப் பதவிக்காலம். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் இறங்கக் கூடாது, பாதிப் பேர் முதல் ஆண்டு முடிவில் மாறினால்தான் பழைய ஃபைல் எங்கே என்பது புதியவருக்குத் தெரியும்.

தவறு எங்கே நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வு பெற்றவர்கள்தான் முதலில் சேருவார்கள். நேரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் குழு நடைப்பயிற்சியாளர் சங்கமாகிவிடும். கோரிக்கையெல்லாம் நடைபாதை, பெஞ்சு, விளக்கு, "சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடக் கூடாது" என்று போகும். கலைஞரைக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், பொன்னாடை போர்த்தக் கூப்பிடுவார்கள். இதற்கு ஒரே மருந்து கூட்ட நேரம். மாலை ஆறரைக்கு, பூங்காவிலேயே, தரையில் உட்கார்ந்து கூட்டம் நடந்தால் கூலி வேலை முடித்து வருபவரும் வருவார். பகல் பதினோரு மணிக்கு மண்டல அலுவலகத்தில் வைத்தால் சம்பளமோ பென்ஷனோ உள்ளவர்தான் வருவார்.

குழு ரொக்கத்தைத் தொடக் கூடாது, நூறு ரூபாயைக்கூட. வசூல் நோட்டுப் புத்தகம் வந்த அன்றே ஆலோசனை போய்விடும், கணக்குச் சண்டை மிஞ்சும்.

கூத்துக்களம்: ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக்கே உரிய கணியான் கூத்து தரையில் நடக்கும் கலை. அண்ணாவி என்ற தலைமைப் பாடகர் நின்று பாடுவார், பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள், பின்னால் இரண்டு மகுடம், பின்பாட்டுக்காரர் ஒருவர். மகுடம் மரச் சட்டத்தில் தோல் போர்த்திய வட்டப் பறை. ஒன்று உச்சம், மற்றது மந்தம். இரண்டின் சுருதி வேறு. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். நிகழ்ச்சிக்கு முன்னும் இடையிலும் சருகோ வைக்கோலோ மூட்டி, அந்த அனலில் தோலைக் காட்டி விறைப்பேற்றினால்தான் அடி பேசும். ஆனால் எந்தப் பூங்காவிலும் வாசலிலேயே "தீ மூட்டக் கூடாது" என்று பலகை தொங்கும். காவலர் ஓடி வந்து நெருப்பை அணைப்பார். அப்புறம் மகுடம் தகரம்போலச் சத்தம் போடும். "என்னய்யா அடிக்கிறாங்க" என்று பார்க்க வந்தவர்கள் எழுந்து போவார்கள்.

ஆகவே விதியைத் திருத்த வேண்டும். குழு எழுத வேண்டிய வாசகம் இவ்வளவுதான்: "அனுமதி பெற்ற நிகழ்ச்சி நாளில், களத்தின் ஓரத்தில், நாலடிக்கு நாலடி இரும்புத் தகட்டின் மேல், இரண்டு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் வைத்து, தோல் கருவி காய்ச்சத் தீ மூட்டலாம். மரத்திலிருந்து 15 அடி தள்ளி." தகடு இல்லாமல் மண்ணிலேயே மூட்டினால் ஒரே இடம் கருகி அங்கே புல் வராது, பேவர் பிளாக்கின் மேல் மூட்டினால் சூட்டில் கல் பொரிந்து வெடிக்கும்.

வில்லுப்பாட்டுக்குத் தேவை வேறு. வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, குடத்தைப் புரிமணை (வைக்கோல் திரித்த வளையம்) மேல் உட்கார வைப்பார்கள். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். வில்லில் கட்டிய மணிகள் அதிரும். குடத்துக்காரர் கமுகம்பாளையில் செய்த 'பத்தி' என்ற மட்டையால் குடத்து வாயில் அடிப்பார். உடுக்கை, கட்டை, ஜால்ரா சுற்றி இருக்கும். எல்லாரும் உட்கார்ந்து பாடுவதால் தரையில் இருந்தால் மூன்றாம் வரிசைக்குத் தெரியாது. ஆனால் நாலடி மேடையும் வேண்டாம். தரையில் உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப் போவார். ஒன்றரை அடி உயரம் போதும். 8 அடிக்கு 4 அடி மரப் பலகை மேசை ஆறு செய்துகொண்டால், இரண்டு வரிசையாக மூன்று மூன்று போட்டு 16-க்கு 12 அடி மேடை ஆகும். கணியான் கூத்தன்று ஆறும் கொட்டகைக்குள் போய்விடும், தரை வெறுமையாக இருக்கும். ஒரு கான்கிரீட் மேடையால் முடியாத காரியம் இது.

களத்தின் அளவு 50-க்கு 50 அடி. ஆட்டத்துக்கு நடுவே 20 அடி விட்டமுள்ள வட்டம் 314 சதுர அடி எடுக்கும். பாயில் நெருங்கி உட்காரும் ஒருவருக்கு 6 சதுர அடி வைத்தால் 300 பேருக்கு 1,800. மிச்சம் 386 சதுர அடி வழிநடைக்கும் சக்கர நாற்காலிக்கும். பாய் வாங்கினால் கோரைப்பாயாக வாங்கலாம், பத்தமடை பக்கத்தில்தானே இருக்கிறது. பட்டுப்பாய் அல்ல, சாதாரணப் பாய்.

தரை மண் தரை. ஆறு அங்குலக் கனத்துக்கு 1,250 கன அடி, அதாவது பன்னிரண்டரை யூனிட். உருட்டினால் மண் அமுங்கும், ஆகையால் 16 யூனிட் கேட்க வேண்டும். கீழே சரள் நாலு அங்குலம், மேலே செம்மண் இரண்டு அங்குலம். அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் உருளை ஓட்ட வேண்டும். சேறாக்கி உருட்டினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த மண்ணை உருட்டினால் முதல் ஆட்டத்திலேயே புழுதி கிளம்பி அண்ணாவியின் தொண்டை கட்டும். பாளையங்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் சரளுமாக இருப்பதால் வேலை சுலபம். டவுன் பக்கம் வயலைத் தூர்த்த இடமானால் களிமண் மழையில் உப்பிக் கோடையில் விரியும். முதலில் ஓரடி தோண்டி எடுத்துவிட்டுத்தான் சரள் போட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு 25 அடியில் நாலு அங்குலம் இறக்கம் வைத்தால் தண்ணீர் நிற்காது, ஆடுகிறவருக்கும் சரிவு தெரியாது.

கொடையில் (ஊர்க் கோயில் விழாவில்) நடக்கும் சடங்குப் பகுதியைப் பூங்காவுக்கு இழுத்து வரக் கூடாது. அது சாமிக்கு முன்னால், நேர்ந்துகொண்டவர் முன்னால் நடப்பது. கதைப்பாடலும் ஆட்டமும் களத்துக்கு வரலாம். எது வரலாம், எது வரக் கூடாது என்பதைக் கலைஞர்தான் சொல்ல வேண்டும், குழு அல்ல. எந்தக் கதை பாடுவது என்பதிலும் குழு தலையிடாமல் இருப்பது நல்லது. இந்தப் பக்கத்துக் கதைகளில் சாதி மீறிய கல்யாணமும் கொலையும் நிறைய. "அந்தக் கதை வேண்டாம், இதைப் பாடுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை யார் சொல்வது என்பதே சண்டையாகும். ஆட வரும் கலைக் குழுவை, அதாவது செட்டைத் தேர்வதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட்டுவிடலாம். பட்டியலுக்குக் கலை பண்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டல மையத்தையும், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையையும் பார்க்கலாம். ஆலோசனைக் குழுவில் உள்ள கலைஞரின் செட் சீட்டில் இருந்தால் அவர் அன்று கூட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும்.

மணி பத்து

விடிய விடியப் பாடிப் பழகிய கலைக்கு இரவு பத்து மணி என்பது கதை சூடு பிடிக்கும் நேரம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். அதைப் பூங்கா நிகழ்ச்சிக்கு நம்பித் திட்டம் போட முடியாது. குடியிருப்புப் பகுதிக்கு அனுமதித்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். கூம்புக் குழாய் கூடவே கூடாது.

ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு மங்களம் பாடுவதென்று வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரக் கதையாகக் கட்டச் சொல்லி ஒரு மாதம் முன்பே அண்ணாவியிடம் பேச வேண்டும். அன்றைக்கு வந்து "சீக்கிரம் முடிங்க" என்றால் கதை அறுந்து தொங்கும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, வீடுகளுக்கு முதுகு காட்டி. மகுடத்துக்கு மைக்கே வேண்டாம், 300 பேருக்கு அதன் அடி தானாகக் கேட்கும். வில்லுப்பாட்டில் குடத்துக்கு மைக் வைப்பதென்றால் தனியாக, வாயிலிருந்து இரண்டடி தள்ளி. மைக்செட்காரர் குடத்து வாயில் மைக்கைச் சொருகினால் புலவர் குரல் கேட்காது, "தொம் தொம்" மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். மின்சாரம் 3 கிலோவாட் தாராளம்; களத்தோரம் பூட்டுள்ள பெட்டியில் 30 மில்லியாம்பியர் கசிவு தடுப்பானோடு ஒரு பிளக். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஒயர் இழுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பூங்கா குளத்தை ஒட்டியிருந்தால் பறவைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும். அதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. 1994-இல் சரணாலயமாகி, 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலுக்குப் போனது. ஊர்க் கட்டுப்பாடாக வந்த அந்த வழக்கத்தைவிட நல்ல ஒலி விதியை எந்த அலுவலகமும் எழுதித் தந்ததில்லை.

மரமும் சப்பரமும்

பூங்காவை அழகுபடுத்துவது என்றால் முழுக்கப் பேவர் பிளாக் பதிப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. நம் மாதிரியில் எல்லையிலிருந்து பத்தடி உள்ளே தள்ளிச் சுற்றுப்பாதை போட்டால் 646 அடி, ஏறத்தாழ 197 மீட்டர். ஐந்து சுற்று ஒரு கிலோமீட்டர். ஆறடி அகலத்துக்கு 3,876 சதுர அடி, மொத்தத்தில் 13 சதவீதம் கூட இல்லை. 60 மில்லிமீட்டர் கனக் கல் நடைக்குப் போதும். மற்ற இடமெல்லாம் மண்ணாகவே இருக்கட்டும். பத்து சென்டிமீட்டர் மழை ஒன்று பெய்தால் இந்த 70 சென்டில் விழும் தண்ணீர் 2.83 லட்சம் லிட்டர். அதை மண் குடிக்க வேண்டும் அல்லது தெரு குடிக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளம் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருக்கும் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் இல்லாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்குச் சொன்னது. அதே அளவை எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லலாம்.

பாதையோரம் 20 அடிக்கு ஒன்றாக 32, களத்தைச் சுற்றி 8, ஆக 40 கன்று. வேம்பு, புங்கம், பூவரசு, நாவல், இலுப்பை, மகிழம். பள்ளமான மூலையில் ஆற்றங்கரை மருதம். நடும் காலம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல். உலகச் சுற்றுச்சூழல் தினமென்று ஜூன் 5-இல் நட்டால் போட்டோ நன்றாக வரும், கன்று பிழைக்காது. இந்தச் சமவெளியில் ஆனி, ஆடி என்பது மேற்கேயிருந்து வரும் காற்றின் காலம், மழையின் காலமல்ல. முதல் கோடையில் கன்றுக்கு வாரம் இருமுறை 20 லிட்டர், 40 கன்றுக்கு வாரம் 1,600 லிட்டர். இந்தத் தண்ணீர் எங்கிருந்து, யார் ஊற்றுவது என்று எழுதாத நடவுத் தீர்மானத்தில் குழு கையெழுத்துப் போடக் கூடாது.

பாளையங்கோட்டை தசராவுக்குச் சப்பரங்கள் வரும் தெருக்களில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கூத்து: முந்தின நாள் அரிவாளோடு ஆள் ஏறி, எட்டிய கிளையையெல்லாம் முறித்துப் போடுவது. பட்டை கிழிந்து, காயத்தில் தண்ணீர் இறங்கி, மூன்றாம் ஆண்டில் மரம் பொந்தாகும். அப்புறம் "ஆபத்தான மரம்" என்று அதையே வெட்டக் கேட்பார்கள். பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். பண்பாடும் மரமும் எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றும் இந்த இடத்தில்தான் ஆலோசனைக் குழுவால் நிறையச் செய்ய முடியும். ஆவணியில் சப்பரக்காரரைக் கூட்டிக்கொண்டு தெரு நடந்து, சப்பரத்தின் உயரம் அகலத்தோடு இரண்டடி கூட்டி மூங்கிலில் குறித்து, தட்டும் கிளைக்கு மட்டும் சுண்ணாம்பு அடையாளம் வைக்க வேண்டும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளிலேயே வெட்டை வைத்துக்கொண்டால் கம்பிப் பயமில்லை. வெட்டு மூன்று: கிளையின் அடியிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம், அதற்கு ரெண்டங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தல் (அப்போது கிளை பட்டை கிழிக்காமல் விழும்), கடைசியாக, தண்டோடு சேரும் இடத்தில் தடித்துத் தெரியும் வளையத்துக்கு வெளியே அடிக்கட்டையை அறுத்தல். வளையத்தோடு சேர்த்துச் சிரைத்துவிட்டால் காயம் மூடாது. அரிவாள் வேண்டாம், ரம்பம்.

பணம், மாதம், தாள்

மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சில் வரும். அதில் ஒரு வரி இடம்பெற வேண்டுமானால் டிசம்பருக்குள் வார்டு குழுத் தீர்மானமாக மண்டல அலுவலகம் போயிருக்க வேண்டும். பிப்ரவரியில் கொண்டு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான். நமக்கு நாமே திட்டம் இன்னொரு வழி: பூங்கா வேலைக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு. 6 லட்ச ரூபாய் வேலையென்றால் 2 லட்சம். கொடுப்பவர் நேராக மாநகராட்சிக் கணக்கில் கட்டி ரசீது வாங்க வேண்டும், குழுவின் கை வழியாக அல்ல.

எஸ்டிமேட்டின் நகலைக் கேட்டு வாங்கி மூன்று இடம் பார்த்தால் போதும். மண் வேலையில் யூனிட் கணக்கு நாம் போட்டதோடு ஒத்திருக்கிறதா. பேவர் பரப்பு 3,876-ஐத் தாண்டியிருக்கிறதா. பராமரிப்பு என்று தனி வரி உண்டா. மூன்றாவது பெரும்பாலும் இருக்காது. அப்போது திருப்பி எழுத வேண்டும்.

நிகழ்ச்சிக்கு நல்ல மாதம் தையும் மாசியும். பங்குனி உத்திரம் தொட்டு வைகாசி வரையும், பிறகு ஆடியிலும் நல்ல செட்டெல்லாம் கொடைகளுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் பூங்காவுக்குக் கூப்பிட்டால் அரைகுறை செட்டுத்தான் கிடைக்கும், கூலியும் கூட. கார்த்திகையில் மழை. தை, மாசியில் கலைஞருக்குக் கையில் வேலை குறைவு, தரை காய்ந்திருக்கும், இரவும் குளிர்ச்சி.

தீர்மானம் எழுதும் விதத்தில்தான் பாதிக் காரியம். "பூங்காவை நல்ல முறையில் பராமரிக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்பதற்கு அலுவலகத்தில் ஒரு பதில்தான் உண்டு: "நடவடிக்கை எடுக்கப்படும்." அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: "களத்தின் தென்மேற்கு மூலையில் 6 அடிக்கு 6 அடி பரப்பில் தண்ணீர் தேங்குகிறது. 2 அங்குலம் சரள் நிரப்பி உருட்ட வேண்டும். தேவை 6 கன அடி. ஒரு ஆள், அரை நாள்." இதைப் படிக்கும் உதவிப் பொறியாளருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, வேறு வேலைக்கு வந்த லாரியிலிருந்து ஆறு கன அடி இறக்கச் சொல்லிவிடலாம்.

நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டு உறுப்பினரும் தோட்டக்காரரும் களத்துக்கு வர வேண்டும். சாம்பலைத் தகட்டோடு தூக்கி, முழுக்க ஆறியதைக் கையால் பார்த்து, உரக்குழியில் கொட்டுவது. பந்தல் ஆணி, கேபிள் டேக், உடைந்த வளையல் துண்டு பொறுக்குவது. பிள்ளைகள் வெறுங்காலோடு வரும் இடம். ஆறு பலகை மேசையையும் எண்ணிக் கொட்டகையில் நிற்க வைப்பது, படுக்க வைத்தால் கரையான். ஆட்ட வட்டத்தில் மண் கிளம்பியிருக்கும். பூவாளியில் தண்ணீர் தெளித்து ஒருமுறை உருளை ஓட்டுவது. பிறகு நோட்டில் தேதி, வந்த செட், முடிந்த மணி, வந்தவர் தொகை, பக்கத்து வீட்டுப் புகார் இருந்தால் அது, மூன்று பேர் கையெழுத்து.